பூதலிங்கம் அண்ணாச்சி விண்வெளியில் காலமானது தொடர்பாக

வண்ணார்பேட்டை,
திருநெல்வேலி.

அன்பு மைத்துனன் சிரஞ்சீவி மகேஷுக்கு உன் அத்தான் குமரகுருபரன் ஆசீர்வதித்து எழுதுவது. நெல்லையப்பர் கிருபையால் நானும் உன் அக்காள் சண்முகசுந்தரியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் அனுராதாவும் குழந்தையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெங்களூரில் குளிர் அதிகம் என்று டி.வி.யில் சொன்னார்கள், காதை மூடிக்கொள். இத்துடன் க்ஷேம விசாரணை முடிந்தது. இனி இந்தக் கடிதத்தில் வருவதெல்லாம் உன்னைத் திட்டுவதற்காக எழுதுவது. வாட்சப்பில் திட்டினால் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். கடிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது என்பதால்தான் தபாலில் எழுதுகிறேன்.

ஆனித் தேரோட்டத்துக்கு நீ வந்திருந்தபோது, உன் அக்காள் வைத்த சொதியை மூன்றாவது தடவை சோற்றில் ஊற்றிக்கொண்டே எனக்கு ஒரு யோசனை சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு இருக்காது. சொதி சாப்பிட்டவனுக்குத் தூக்கம் வரும், ஞாபகம் வராது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் பூதலிங்கம் அண்ணாச்சியின் பலசரக்குக் கடை மாடியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூசன் எடுக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். பக்கத்துத் தெருவில் ஏ.சி. போட்ட டியூசன் சென்டர் வந்துவிட்டது, பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள், மிச்சம் இருப்பவர்களும் கொட்டாவி விடுகிறார்கள் என்று உன்னிடம் அங்கலாய்த்தேன். அதற்கு நீ, "அத்தான், சூத்திரத்தை எழுதிப் போட்டா எவன் கேப்பான்? ராக்கெட், சந்திரன்னு விஞ்ஞானக் கதையாச் சொல்லுங்க. பாடத்தை அதுக்குள்ள ஒளிச்சு வச்சிருங்க. தெரிஞ்ச ஆளு, தெரிஞ்ச தெருவா வச்சாப் பிள்ளைகளுக்கு மனசுல ஒட்டிக்கிடும்" என்றாய். சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாய். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இங்கே சங்கு நான், ஆண்டி நீ.

அந்த மாடி எனக்கு என்ன என்பதை நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை. மாடி போனால் டியூசன் போச்சு. டியூசன் போனால் உன் அக்காள், "இனி இங்கன நமக்கு என்ன இருக்கு?" என்று பெட்டியைக் கட்டி என்னை உன் வீட்டு மாடியறையில் கொண்டு வந்து உட்கார்த்திவிடுவாள். கையில் சாக்பீஸ் இல்லாமல் ஜன்னல் வழியாக அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியாது. எனவே, ஏ.சி.க்காரனிடம் தோற்காமல் இருக்க வேண்டுமே என்ற ஒரே காரணத்துக்காக உன் யோசனையை ஏற்றேன். விதி!

முதல் நாள் கதை படுத்துவிட்டது. விண்கப்பல் தலைவர் என்று ஒருவரை வைத்தேன். அவர் விண்கலத்தில் ஏறி உட்கார்ந்ததும் நியூட்டனின் மூன்று விதிகளையும் வரிசையாக ஒப்பித்தார். கார்த்திகேசன் என்கிற பையன் குறட்டையே விட்டுவிட்டான். பியூலா என்று ஒரு பெண், எதற்கெடுத்தாலும் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொள்கிற பிள்ளை, அவள்தான் எழுந்து, "சார், கப்பல்ல சாப்பாட்டுக்கு என்ன செய்வாவ?" என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை மகேஷ். தெரிஞ்ச ஆளு, தெரிஞ்ச தெரு என்று நீ சொன்னது காதில் கிடந்தது. கீழே அண்ணாச்சி யாருடனோ புளி விஷயமாகச் சண்டை போடும் சத்தம் கேட்டது. "நம்ம பூதலிங்கம் அண்ணாச்சியே கப்பல்ல கடை போட்டுட்டாரு" என்று சொல்லிவிட்டேன். கார்த்திகேசன் கண்ணைத் திறந்தான்.

அண்ணாச்சியை நீ பார்த்திருக்கிறாய். எடை போட்டு முடித்த பிறகு கடைசி நாலு பருப்பைப் பொறுக்கித் திரும்பச் சாக்கில் போடுகிற ஆள். கறிவேப்பிலை கொசுறு கேட்டால் இலையாக எண்ணித் தருவார். ஆனால் அளவு குறையாது, சரக்கில் ஒரு கல் இருக்காது. அப்பேர்ப்பட்டவரைக் கப்பலில் ஏற்றியதும் கதை தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. விண்வெளி உடைக்கு மேலே வேட்டி கட்டித் தோளில் துண்டும் போட்டுக்கொண்டார், அது இல்லாமல் அவர் வாசல் தாண்டமாட்டார் அல்லவா. சந்திரனில் கடை திறந்தார். மின்சாரத் தராசில் ஆறு கிலோ அரிசியை வைத்தால் அது ஒரு கிலோ என்று காட்டியது. அண்ணாச்சி அலறிப்போய் அவர் அப்பா காலத்துத் தட்டுத் தராசை எடுத்துத் தொங்கவிட்டார். ஒரு தட்டில் அரிசி, மறு தட்டில் எடைக்கல், இரண்டுக்கும் சந்திரனில் கனம் ஒரே மாதிரி குறைந்ததால் தராசு ஏமாறவில்லை, அண்ணாச்சியும் ஏமாறவில்லை. நிறை வேறு, எடை வேறு என்பதைப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டார்கள். ஏ.சி.க்குப் போன இரண்டு பேர் திரும்பி வந்து, "சார், சந்திரன்ல கடை வச்சதுல இருந்து சொல்லுங்க" என்று கெஞ்சினார்கள். அப்போது உன்னைப் பற்றி நல்லதாக இரண்டு வார்த்தை உன் அக்காளிடம் சொன்னேன். அதை இப்போது வாபஸ் வாங்குகிறேன்.

மூன்றாம் விதி நடத்த வேண்டிய நாள் வந்தது. ஒரு விசை இருந்தால் அதற்குச் சமமாக எதிர்விசை இருக்கும் என்கிற விதி. கப்பலிலிருந்து பாசிப்பயறு மூட்டை ஒன்று வெளியே நழுவி மிதக்கிறது, சரக்கு வீணாகிறதே என்று அண்ணாச்சி பின்னாலேயே பாய்கிறார், மூட்டையைப் பிடித்துவிட்டார், ஆனால் இடுப்பில் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்துவிட்டது. கப்பலை விட்டுப் பைய விலகிப் போய்க்கொண்டே இருக்கிறார். பிடித்துத் தள்ள அங்கே ஒன்றும் கிடையாது. உடையில் காற்று தீரப்போகிறது. "எப்படித் திரும்பி வருவார்? யோசிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. என் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, விடை இல்லை என்றால் சைபர், பாதி மார்க் எல்லாம் வாத்தியார் வேலை பார்த்த காலத்திலேயே நான் போட்டதில்லை. புத்தகத்தை மூடினேன். "தெரியலையா? சரி, காத்துத் தீந்துட்டு. அண்ணாச்சி போயிட்டாரு. நாளைக்கு வாங்க" என்றேன். பியூலா 'ஓ'வென்று அழுதாள். அவளைப் பார்த்து மற்ற பெண்பிள்ளைகள் அழுதார்கள். ஒரு வகுப்பே அழுதுகொண்டு மாடிப்படி இறங்கிப் போனது. பாடம் மனதில் பதிந்துவிட்டது என்று நான் கர்வமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இதில் எனக்குத் தெரியாமல் போன சங்கதி ஒன்று உண்டு. அன்று அண்ணாச்சிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தார்கள். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே வெறும் பாயில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார். வீக்கத்துக்கு இதமாக இருக்கட்டும் என்று அவர் சம்சாரம் உலகம்மாள் மதினி ஒரு வெள்ளைத் துணியைத் தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தார். வாயில் பஞ்சு. பஞ்சை எடுக்கிற வரைக்கும் பேசவே கூடாது என்று பல் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். நம் பக்கத்தில் எந்த மாதிரி ஆளுக்கு நாடிக்கட்டு கட்டிப் பாயில் கிடத்தி, கடை ஷட்டரைப் பாதி இறக்குவார்கள் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டுமா?

பியூலா வீட்டுக்குப் போய், "அண்ணாச்சி போயிட்டாரும்மா" என்று விக்கி விக்கி அழுதிருக்கிறாள். அவள் அம்மா ஹெப்சிபா எட்டிப் பார்த்தால், மழை வெள்ளத்துக்குக்கூட இறங்காத ஷட்டர் பாதியில் நிற்கிறது. அவ்வளவுதான். நம்மூரில் சாவு, துட்டி என்று சேதி வந்தால் போன் போட்டு, 'நெசமாவா?' என்று கேட்கிற பழக்கம் கிடையாது அல்லவா? உயிரோடு இருக்கிறவர் வீட்டில் அப்படிக் கேட்டால் அபசகுனம், செத்தவர் வீட்டில் கேட்டால் மரியாதைக் குறைவு. அதனால் யாரும் யாரிடமும் கேட்கவில்லை. நேரே கிளம்பி வந்துவிட்டார்கள். தெருப் பெண்கள் வந்தார்கள், வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள் மாலையோடு வந்தார்கள், அண்ணாச்சிக்குப் பாய் அனுப்புகிற காஜா முகைதீன் பத்தமடையிலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு வந்தார்.

உலகம்மாள் மதினி அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தவர், பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து தானும் அவர்களைக் கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச நேரம் நன்றாக அழுத பிறகுதான், "ஏ எம்மா, யாரு போயிட்டா?" என்று கேட்டாராம். அந்தக் கூச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. அதற்குள் சங்கத்துத் தலைவர் குனிந்து அண்ணாச்சி மேலே மாலையைச் சாத்திவிட்டார். அண்ணாச்சி கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறார். எழ நினைத்திருந்தால் எழுந்திருக்கலாம். ஆனால் டாக்டர் பேசக் கூடாது என்றாரே, எழுந்தால் பேச வேண்டி வரும். பஞ்சு நகர்ந்தால் இன்னொரு தடவை டாக்டர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பேசாமல் படுத்துக்கொண்டார். நாலாவது மாலை விழுந்தபோதுதான், அதிலிருந்த பூச்சி ஒன்று மூக்கில் ஏற, தும்மிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். கூட்டம் ஷட்டரில் தலையை முட்டிக்கொண்டு தெருவில் போய் விழுந்தது.

காஜா முகைதீன் மட்டும் ஓடவில்லை. அண்ணாச்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஏலே பூதலிங்கம், உசுரோடயாலே இருக்கே? பத்தமடையிலருந்து அழுதுக்கிட்டே வாரேன்லே, எதிர்ல வந்த பஸ்காரன் ஏசிட்டுப் போறான்!" என்று மறுபடியும் அழுதார். அதற்குப் பிறகு தெருவில் ஒரு வழக்கு நடந்தது. செத்தவரே எழுந்துவிட்டதால் குளித்துவிட்டு வீட்டுக்குள் போக வேண்டுமா, வேண்டாமா? "அவரு எந்திச்சிட்டாருன்னா என் தீட்டுப் போயிருமா? துட்டிக்குன்னுல்லா படியிறங்கினேன்" என்று ஒரு அம்மாள் சொன்னது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டே போனார்கள். துட்டி வீட்டில் விடைபெறக் கூடாது என்பதால் ஒருவரும் அண்ணாச்சியிடம் சொல்லிக்கொள்ளாமல் நழுவ, அவர் பஞ்சைத் துப்பிவிட்டு, "ஏ, போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போங்க வே! நான் இங்கனதான் இருக்கேன்!" என்று தெருமுனை வரை கத்தினார்.

தன்னைக் கொன்றது யார் என்று அண்ணாச்சி துருவிக்கொண்டே போனதில் ஹெப்சிபாவுக்கு வந்து, பியூலாவுக்கு வந்து, கடைசியில் என்னிடம் வந்து நின்றது. மறுநாள் சாயங்காலம் வீங்கிய கன்னத்தோடு மாடி ஏறி வந்தார். "ஏன் வே, மாடியைக் குடுத்தது ஒரு குத்தமா? பாடம் நடத்தும்னு விட்டா, ஆளையே நடத்திக்கிட்டுப் போயிட்டேரு! எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இப்பமே, இந்தப் பிள்ளைக முன்னாலயே, என்னைய உசுரோட கொண்டுவாரும். இல்ல, மாடியக் காலி பண்ணும்" என்று சொல்லிவிட்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். பெஞ்சு முனகியது.

"சரி அண்ணாச்சி, காத்து இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்திச்சுன்னு வச்சுக்கிடுவோம்" என்று ஆரம்பித்தேன். பியூலா விடவில்லை. "சார், நேத்துத் தீந்துட்டுன்னு சொன்னீங்களே!" மேலப்பாளையத்திலிருந்து சைக்கிளில் வருகிற அர்வா, அதிகம் பேசாத பெண், மெல்லச் சொன்னாள்: "மீட்டர் தப்பாக் காட்டியிருக்கும் சார்."

"அந்தப் பிள்ளை சொல்லுதது சரி" என்றார் அண்ணாச்சி. "மேல சொல்லும்."

இந்தத் தடவை நான் புத்தகத்தை மூடவில்லை. கேள்வியையே இன்னொரு தடவை கேட்டேன். கார்த்திகேசன், தூங்குமூஞ்சி கார்த்திகேசன், எழுந்து நின்றான். "சார், ஆத்துல தோணியிலருந்து கரைக்குக் குதிச்சாத் தோணி பின்னால போவுமில்லா? அப்ப அண்ணாச்சி எதையாவது பின்னால எறிஞ்சா, அவரு முன்னால வருவாரா?" மகேஷ், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "வருவாருலே! கையில இருக்கது பயறு மூட்டை. அதக் கப்பலுக்கு எதிர்ப் பக்கமா எறியணும்!"

அண்ணாச்சி நிமிர்ந்தார். "மூட்டையவா?"

"ஆமா அண்ணாச்சி."

"எறிஞ்சாத் திரும்பி வருமா?"

"வராது. தடுக்க அங்க ஒண்ணுமில்லல்லா, போய்க்கிட்டே இருக்கும்."

"எதுவரைக்கும்?"

"முடிவே கிடையாது அண்ணாச்சி."

அண்ணாச்சி வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டார். "அப்ப நான் செத்தது செத்ததாவே இருக்கட்டும் வே" என்றார்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பியூலாவைத் தவிர. அவள், "எறிஞ்சிருங்க அண்ணாச்சி, எங்களுக்காக எறிஞ்சிருங்க" என்று தேம்பினாள். "இது எதுக்கு வே அழுவுது?" என்று என்னிடம் கேட்டார். நேற்றும் முதலில் அழுதது இதுதான் என்றேன். அண்ணாச்சி துண்டால் மூக்கைச் சிந்தினார். பிறகு, ஏதோ பெரிய மனது பண்ணுகிறவர் போல, "சரி, மொத்தமா வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமா எறியலாமா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அர்வா சொன்னாள்: "சார், கைப்பிடி கைப்பிடியா எறிஞ்சா இன்னும் நல்லதில்லா? மூட்டைய விட கைப்பிடிய வேகமா எறியலாம். எறிய எறிய மூட்டையும் கனம் குறையும், ஒவ்வொரு எறிக்கும் வேகம் இன்னும் கூடும்." என் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்துவிட்டது. ராக்கெட் போவது அப்படித்தான் அப்பா! உள்ளே இருக்கிறதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளிக்கொண்டு, தான் இலேசாகிக்கொண்டே முன்னால் போகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது பாடத்தில் இவ்வளவு தூரம் கிடையாது. நான் அதைச் சொன்னதும் அண்ணாச்சி முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப ராக்கெட்டுங்கது சில்லறை வியாபாரம்ங்கேரு!"

"ஆமா அண்ணாச்சி."

"மொத்த வியாபாரத்த விட சில்லறைதான் நிக்கும்னு எங்கப்பா அப்பமே சொன்னாவ" என்று பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். அத்தோடு விட்டிருக்கலாம். வியாபார மூளை சும்மா இருக்குமா? "இன்னொண்ணு வே. வண்டு விழுந்த பயற எறிஞ்சாலும் இதே வேகந்தானா?" என்று கேட்டார். நிறைதான் கணக்கு, தரம் கணக்கில்லை என்றேன். "அப்ப, மண்டிக்குத் திருப்பி அனுப்ப ஒரு மூட்டை ஒதுக்கி வச்சிருக்கேன். அத எறியும்!" வகுப்பே கைதட்டியது. பிள்ளைகள் பாவனையாகக் கையை வீசி வீசி மூட்டையைக் காலி செய்தார்கள். அண்ணாச்சி கப்பலைப் பார்த்துத் திரும்பினார், பிழைத்தார்.

அதோடும் நிற்கவில்லை. அண்ணாச்சிக்குச் சந்தேகம் வந்துவிட்டது, கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். எல்லோரும் கடைக்கு இறங்கினோம். மூட்டை தள்ளுகிற சின்னச் சக்கர வண்டியில் அவர் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அரிசிப் பையை இரண்டு கையாலும் தூக்கிக் கார்த்திகேசன் மேல் எறிந்தார். வண்டி பின்னால் ஒரு சாண் நகர்ந்தது. ஒரு சாண்தான் மகேஷ். ஆனால் அந்தக் கடையில் அப்படி ஒரு ஆரவாரம் எழுந்ததை நான் கேட்டதே இல்லை. யாருக்கும் ஒரு பருப்பு கூடுதலாகத் தராத மனுசன், "இன்னொரு பை எடுலே, இன்னொரு பை எடு!" என்று கத்தினார். வேலை பார்த்த காலம் முழுவதும் அந்த மூன்றாம் விதியைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். யாரும் அதற்குக் கைதட்டியதில்லை. எனக்கு அன்று ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அதை உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை.

சந்தோஷம் விடிகிற வரைக்கும்தான் இருந்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். கதையில் ராக்கெட் வடிகட்டியில் நின்றுவிட்டது, வண்டு மட்டும் கீழே இறங்கியது. காலையில் தெரு வாட்சப்பில் செய்தி: 'பூதலிங்கம் அண்ணாச்சி கடைப் பயறில் வண்டு. அவரே தன் வாயால் சொன்னார். டியூசன் பிள்ளைகள் சாட்சி.' அதைப் பார்த்ததும் பெண்கள் பயறைப் பொட்டலத்தோடு திருப்பிக் கொண்டு வந்து, முறத்தில் கொட்டிக் கடை வாசலிலேயே புடைத்துக் காட்ட ஆரம்பித்தார்கள். ஒரு வண்டும் விழவில்லை. அது வேறு விஷயம். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு விட்டார். கத்தவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "செத்துட்டேன்னு சொன்னேரு, பொறுத்துக்கிட்டேன். வண்டுன்னு சொன்னாப் பொறுக்க முடியாது வே. சாவியக் குடுத்துரும்" என்றார். வண்டு என்று சொன்னது அவர்தான், நான் இல்லை.

ஆகவே மகேஷ், விஷயம் முடிந்தது. உன் அக்காள் நேற்றே பெட்டியைக் கட்டிவிட்டாள். தெருவில் போனால், "அண்ணாச்சியக் கொன்ன சார் வீட்டம்மா" என்று சொல்கிறார்களாம், அவளுக்குத் தலை காட்ட முடியவில்லையாம். இன்று சாவியைக் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம். மாடியறையைச் சுத்தம் செய்து வை. உன் பிள்ளைக்கு நான் பாடம் சொல்லித் தருவேன், ஆனால் சூத்திரம் மட்டும்தான். கதை என்ற வார்த்தையை என் காதுபட யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் சொதி வைக்க வேண்டாம் என்று உன் அக்காளிடம் சொல்லிவிடுவேன், நீயும் அத்தோடு அதை மறந்துவிட வேண்டியதுதான்.

அனுராதாவுக்கு என் ஆசி. குழந்தையின் இரண்டு கன்னத்திலும் எனக்காக ஒவ்வொரு முத்தம் கொடு. உன் யோசனைகள் இனி உன் ஆபீசோடு நிற்கட்டும் என்று காந்திமதியம்மையை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் யோசனையைக் கேட்ட பாவி,
குமரகுருபரன்.

பி.கு.: மாடியறையைச் சுத்தம் செய்ய வேண்டாம். செய்துவிட்டாய் என்றால் அதில் துணி காயப் போட்டுக்கொள்.

இது சாயங்காலம் எழுதுவது. மேலே உள்ளதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சாவியைக் கொடுக்கவும் உறைக்குப் பசை வாங்கவும் மத்தியானம் கடைக்குப் போனேன். அண்ணாச்சி கடை வாசலில் வெள்ளை வேட்டியை விரித்து, கடையில் இருந்த அத்தனை பயறையும் ஊர் பார்க்கக் கொட்டிப் பரப்பிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் சாவியை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "ஏன் வே, காலையில அந்த மேலப்பாளையத்துப் பிள்ளை அர்வா பேனா வாங்க வந்துச்சு. 'அண்ணாச்சி, கப்பலப் பாத்து இம்புட்டு வேகமா வாரீங்களே, எப்படி நிப்பீங்க? போய் மோதிருவீங்களே'ன்னு கேட்டுட்டுப் போயிட்டு. அதுலருந்து எனக்கு யாவாரமே ஓடல. எப்படி வே நிக்க?"

"முன்பக்கமா எறியணும் அண்ணாச்சி. நிக்கறதுக்குன்னு பாதி மூட்டை வச்சிருந்திருக்கணும்."

"முழுசயும்லா எறிஞ்சுட்டோம்!"

"ஆமா."

"விதைக்கு வைக்காம எவனாவது மொத்தச் சரக்கையும் விப்பானா? இத முன்னாலயே சொல்லக் கூடாதா வே?" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சாவியை என் கைக்குள்ளேயே வைத்து மூடினார். "சாயங்காலம் பிள்ளைகள வரச் சொல்லும். ஆனா ஒண்ணு. எறிஞ்சது வண்டுப் பயறு இல்ல, முதல் தரம்னு கதைய மாத்திச் சொல்லிப் போடணும். எறியுததுதான் எறியுதோம், நல்ல சரக்கா எறிவோம். நாளப் பின்ன அந்தப் பக்கமாப் போற எவனாவது பொறுக்கிப் பாத்தான்னா, கடை பேரு என்னாவுறது?"

மகேஷ், நான் அங்கேயே அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இப்போதுதான் வகுப்பு முடிந்தது. ஏ.சி. சென்டரிலிருந்து இன்னும் சிலர் வந்து படியில் உட்கார்ந்து கேட்டார்கள். உன் அக்காள் பெட்டியைப் பிரித்துக்கொண்டே என்னை ஏசினாள், ஆனால் அவளும் வகுப்புக்கு வந்து மேல்படியில் உட்கார்ந்து கேட்டாள். பயறு முதல் தரம் என்று நான் ஓங்கிச் சொன்னேன், தெருவுக்கே கேட்டிருக்கும். ஆனால் நிற்கிற வழி மட்டும் கிடைக்கவில்லை. இந்தத் தடவை யாருக்கும் சைபர் போடவில்லை, நாளைக்கு யோசித்து வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறேன். சிக்கல் இதுதான்: எறிவதற்கு அண்ணாச்சியிடம் இப்போது மிச்சம் இருப்பது தோளில் கிடக்கும் துண்டும் இடுப்பில் இருக்கும் வேட்டியும். துண்டு மட்டும் போதாது என்று கார்த்திகேசன் கணக்குப் போட்டுவிட்டான். வேட்டியைத் தரமாட்டேன் என்று அண்ணாச்சி முதல் பெஞ்சில் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறார். பெண்பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் நானும் அதை வற்புறுத்த முடியாது. அவர் கப்பலைப் பார்த்து வந்துகொண்டே இருக்கிறார். மனுசரை நடுவானத்தில் விட்டுவிட்டு நான் எப்படி அப்பா பெங்களூருக்கு பஸ் ஏறுவேன்? வேட்டி தப்புகிற மாதிரி ஒரு வழி தெரிந்தால் கடிதம் கண்டவுடன் தெரிவி. வாட்சப்பிலேயே அனுப்பு, கட்டைவிரல் மட்டும் வேண்டாம்.